நான் வெட்டிய நூற்றுப் பன்னிரண்டு முடிச்சுகள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதம் செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு சந்தில் எனக்குச் சின்னதாக ஒரு பல் லேப் இருக்கிறது. பல் டாக்டர்கள் அளவு எடுத்து அனுப்புவார்கள், நான் பல் செட் செய்து திருப்பி அனுப்புவேன். மாட்டிக்கொள்கிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. இந்த ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு என் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கிறது என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வேன். "அது அந்தப் பாதிப் பேருக்கும் தெரியாதுல்ல" என்று அவள் வாரிவிடுவாள்.

கொரோனா சமயத்தில் லேப்பைப் பூட்டிப் போட்டிருந்தபோது, பொழுது போகாமல் மொபைலில் பார்த்துப் பார்த்து ஒரு பாய்மரக் கப்பல் செய்தேன். மரத்தில், ஒரு முழ நீளத்துக்கு. பல் செட் வேலைக்கு உள்ள சாமான்களே அதற்கும் போதுமானதாக இருந்தன. மெழுகுக் கத்தி, இடுக்கி, சின்ன டிரில், கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ். லேப் திறந்ததும் அதை வாசலைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் வைத்தேன். போகிறவர் வருகிறவர் நின்று பார்க்க வேண்டும் என்றுதான் வைத்தேன், மறைப்பானேன்.

அன்றைக்கு அப்படி நின்று பார்த்தவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணே, இது நீங்க செஞ்சதா?"

"ஆமாம்மா."

"அந்தக் கயிறெல்லாமுமா?"

கயிறெல்லாம்தான் என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். வீடு புதுவயலில். அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் போசனாக இருந்தவர். கப்பலின் மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, மூன்று பாய்மரம் வைத்த ஒரு கப்பல் செய்துகொண்டிருந்தார். உடம்புப் பகுதி முடிந்த சமயத்தில் கையில் நடுக்கம் வந்துவிட்டது. நரம்பு சம்பந்தப்பட்ட வியாதி, குணமாகாது, மாத்திரையில் ஓட்ட வேண்டியதுதான் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்டார்.

"முன்னாடி இருக்குற மரத்த மட்டும் நட்டு, கயிறு கட்டிட்டாக. மிச்ச ரெண்டு மரத்துக்கும் கை ஒத்துழைக்க மாட்டேங்குது. அதுலருந்து யார்ட்டயும் பேச்சு இல்லண்ணே. எங்கிட்டகூட ஆமா, இல்லதான். அந்த ரெண்டு மரத்தையும் நீங்க முடிச்சுக் குடுத்தீகன்னா, மனுசன் கொஞ்சம் பழையபடி ஆவாகன்னு நினைக்கிறேன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொண்டு வாங்க, காசெல்லாம் வேண்டாம், நான் முடித்துத் தருகிறேன் என்றேன். மறுநாளே ஆட்டோவில் கப்பல் வந்தது. கூடவே ஒரு பழைய தேக்குச் சட்டம். இடித்த பெரிய வீடுகளின் சாமான் விற்கும் கடையில் கணவர் வாங்கிய மரமாம், கப்பல் முழுக்க அதிலேதான் செய்திருந்தார். அவர் மட்டும் கூட வரவில்லை.

நேர்மையாகச் சொல்கிறேன், அந்த உடம்புப் பகுதியைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு தலைமுடி நுழையாது. ஆனால் முன்மரத்துக்கு வந்தால் வேறு யாரோ செய்தது போல இருந்தது. பாய்மரத்தின் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் நாலு நாலு கயிறு கீழே இறங்கும். அந்தக் கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரி மெல்லிய நூல் கட்ட வேண்டும். மாலுமிகள் மேலே ஏறுவதற்கு. ஒரு படிக்கு நாலு முடிச்சு. ஒரு பக்கத்துக்குப் பதினாலு படி. அவர் கட்டியிருந்த படிகள் ஒன்று ஏறி, ஒன்று இறங்கி இருந்தன. ஒரு முடிச்சு கடுகு மாதிரி, பக்கத்து முடிச்சு மிளகு மாதிரி. சில இடத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது.

நான் என் வேலையை ஆரம்பித்தேன். தேக்குச் சட்டத்தை அறுத்து, முதலில் நாலு பட்டை, அப்புறம் எட்டுப் பட்டை, அப்புறம் பதினாறு என்று இழைத்து, உச்சிக்குப் போகப் போக ஒடுங்கும்படி உருட்டினேன். முதல் மரம் உச்சியில் பிளந்துகொண்டது. பழைய தேக்கு அவசரப்பட்டால் பிளந்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது நன்றாக வந்தது. நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பிசிறு எடுத்து, அசையாமல் நிற்கிற கயிற்றுக்குக் கறுப்பு, பாயை ஏற்றி இறக்குகிற கயிற்றுக்கு டீ டிக்காஷனில் முக்கிய பழுப்பு என்று சாயம் கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நடு மரமும் பின் மரமும் அளவுகோல் வைத்தது போல நின்றன. படிகள் அத்தனையும் ஒரே இடைவெளி, ஒரே அளவு முடிச்சு.

இப்போது முன்மரம் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. என் தொழில் அப்படி. பழைய செட்டில் ஒரு பல் கோணலாக இருந்தால் அதை எடுத்துவிட்டு, மற்ற பல்லோடு சேர்த்து வரிசையாக்கிவிடுவோம். எது பழையது எது புதியது என்று தெரியக் கூடாது. தெரிந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் பார்த்தேன். இரண்டு மரம் இவ்வளவு சுத்தமாக நிற்க, முன்னால் இப்படி ஒன்று நின்றால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? பாவம், கை நடுங்குகிற மனிதர், சரியாக வரவில்லை, நாமே செய்து கொடுத்துவிட்டால் சந்தோஷப்படுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, நான் கத்தியை எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அவுக கட்டுனத எதுக்கு அவுக்கிறீக? ரெண்டு மரம்தான கேட்டாக?"

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றேன்.

நூற்றுப் பன்னிரண்டு முடிச்சு. கால் மணி நேரத்தில் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். பத்து நாளில் புதிதாகக் கட்டியும் முடித்தேன். கார்த்திகை முதல் வாரம் கப்பல் தயார். மூன்று மரமும் ஒரே கை செய்தது மாதிரி இருந்தது. அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

நானும் மனைவியும் ஆட்டோவில் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு புதுவயல் போனோம். அரிசி மில்களுக்குப் பின்னால் ஒரு தெருவில் வீடு. போசன் பாய் வாசலுக்கே வந்து கூப்பிட்டார். ஆஜானுபாகுவான ஆள், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். வலது கையை இடது கையால் பிடித்தபடியே நின்றார். கப்பலை மேஜையில் வைத்ததும் குனிந்து பின்மரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். நடு மரத்தில் நின்றார். "நல்ல வேலைண்ணே" என்றார். முகம் மலர்ந்திருந்தது. அவர் மனைவி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம் முன்மரத்துக்கு வந்தார். விரலைக் கயிற்றுப் பக்கம் கொண்டுபோனவர் தொடாமலே எடுத்துக்கொண்டார்.

"முன் மரத்தையும் மாத்திட்டீகளாண்ணே?"

"ஆமா பாய். ஒண்ணுக்கொண்ணு சேரல. அதான், கையோட கையா முடிச்சுட்டேன்."

"நல்லா இருக்குண்ணே" என்றார். இதுவும் பாராட்டுதான், ஆனால் சத்தமே வரவில்லை. தொழுகைக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பாங்கு சொல்ல இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

டீ கொடுத்துவிட்டு, எங்களை ஆட்டோ வரை கொண்டுவந்து விட்ட அந்தம்மாவிடம் என் மனைவிதான் கேட்டாள், என்ன தப்பு நடந்தது என்று. அவர் சொல்லத் தயங்கினார். அப்புறம் சொன்னார். காலை மாத்திரை போட்ட பிறகு ஒரு மணி நேரம் கை கொஞ்சம் அடங்குமாம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர் முடிச்சுப் போடுவார். நல்ல நாளென்றால் இரண்டு. பல நாள் ஒன்றும் வராது. அந்த முன்மரத்துக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

"எங்க மேலதாண்ணே தப்பு. அதத் தொடாதீகன்னு நான் சொல்லிருக்கணும். அதையும் அவுப்பீகன்னு எனக்குத் தோணல" என்றார்.

அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஆட்டோவில் காரைக்குடி வரும் வரை மனைவி வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கே கேட்டேனே என்று சொல்லிக்காட்ட மாட்டாளா என்று இருந்தது. லேப்பைத் திறந்து குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். பிளாஸ்டர் துகளும் மெழுகுச் சுருளும்தான் இருந்தன. அந்த நூலெல்லாம் நகராட்சி வண்டியில் போய்ப் பதினைந்து நாளாகிவிட்டது. கிடைத்திருந்தாலும் வெட்டிய முடிச்சை வைத்து என்ன செய்ய முடியும் என்று அப்போது யோசிக்கத் தெரியவில்லை.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது நாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கப்பல் மேஜையில் இல்லை. உள்ளறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு கைலி போட்டு மூடியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். பெரிய மனது பண்ணி, பரவாயில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார் என்று மனதுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லண்ணே" என்றார். கோபம்தான். குரலை உயர்த்தவில்லை, அவ்வளவுதான். "போன வருசம் பேங்குல எங் கையெழுத்து ஒத்துப்போகலன்னு கைநாட்டு வைக்கச் சொன்னாக. வச்சேன். சட்டைப் பட்டன இவ போட்டு விடுறா. விடட்டும். இந்தக் கையால முடிஞ்சதுன்னு எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். கோணலா இருக்குன்னு எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருசம் கப்பல்ல கயிறு பாத்தவன்ண்ணே நான்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் வெட்டியதை நினைத்து வெட்கப்பட்டதைவிட, சந்தோஷப்படுவார் என்று நினைத்ததற்குத்தான் அதிகம் வெட்கப்பட்டேன். முன்மரத்தில் நான் கட்டியதை அவிழ்த்துவிடட்டுமா, நீங்களே திரும்பக் கட்டுகிறீர்களா என்று கேட்டேன்.

"அப்ப ரெண்டு வந்துச்சு. இப்ப ஒண்ணு வருமோ என்னமோ" என்றார். சொல்லிவிட்டு, கைலியை எடுக்கச் சொல்லி மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அவர் கண் முன்னாலேயே என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். அன்றைக்குக் கால் மணி நேரத்தில் வெட்டினவனுக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆனது.

அதிலிருந்து வாரத்தில் நாலு நாள், லேப் திறப்பதற்கு முன்னால் புதுவயல் போக ஆரம்பித்தேன். ஒன்பது மணிக்கு அவர் மாத்திரை போடுவார். ஒன்பதரைக்கு உட்காருவோம். என் வேலை நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது மட்டும். அவர் கையைத் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மில்லுக்கு நெல் லாரி போகும்போதெல்லாம் மேஜை அதிரும். அது போகும் வரை இரண்டு பேரும் இடுக்கியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்போம்.

முதல் வாரம் ஒரு முடிச்சுகூட வரவில்லை. நூலை வளைத்து நுழைக்கும் இடத்தில் மணிக்கட்டு உதறிவிடும். மூன்றாவது நாள் இடுக்கியைச் சுவரில் விட்டெறிந்தார். "போங்கண்ணே, போய் உங்க பொழப்பப் பாருங்க" என்றார். அவர் மனைவி இடுக்கியை எடுத்து முந்தானையில் துடைத்து மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் செய்தது இரண்டாவது முறையும் தப்பாகிவிட்டதோ என்று பயந்துபோனேன். இல்லாத ஆசையைக் காட்டி, கை முடியாது என்பதையும் அவருக்கு நிரூபித்துக் காட்டிவிட்டேனே என்று இருந்தது.

வழியில் பைக்கை ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் அந்த யோசனை வந்தது. மணிக்கட்டு பதிந்து உட்கார ஒரு தாங்கல் இருந்தால்? தலையணை, மரக்கட்டை எல்லாம் வைத்துப் பார்த்திருந்தோம், நழுவிவிடும். அவர் கைக்கே அளவெடுத்துச் செய்தால் நழுவாது. நான் முப்பது வருடமாகச் செய்கிற வேலையே அதுதானே. ஆனால் இந்தத் தடவை எதுவும் செய்துகொண்டு போகவில்லை. மறுநாள் போய், வேண்டுமா என்று கேட்டேன். அவர் வலது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சரிண்ணே என்றார்.

டாக்டர்கள் வாயில் அளவெடுக்கிற மாவைக் குழைத்து ஒரு தட்டில் கொட்டி, அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பதிய வைத்தேன். நடுங்குகிற கையில் அளவெடுப்பது லேசில்லை, நாலு தடவை எடுத்தோம். பல் செட்டுக்கு ஊற்றுகிற அக்ரிலிக்கிலேயே தாங்கலைச் செய்தேன். என்னிடம் இருந்தது ஈறு நிறம்தான். அந்த ரோஸ் நிறத் தாங்கலை மேஜையில் திருகாணி போட்டு மாட்டியதும் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கையக் கடிக்காதுல்லண்ணே?"

அடுப்படியிலிருந்து அந்தம்மா சிரித்த சத்தம் கேட்டது. அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்புச் சத்தம் அது.

நடுக்கம் நின்றுவிடவில்லை, குறைந்தது. அன்றைக்கு இல்லை, அதற்கு அடுத்த நாள், பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், முதல் முடிச்சு விழுந்தது. இருபது நிமிஷம் ஆகியிருக்கும். மிளகு மாதிரி பெரிதாக, லேசாகச் சாய்ந்து இருந்தது. அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சை விட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அடுத்ததைக் கட்டலாமா என்று கேட்டேன். "இன்னைக்கு இது போதும்ணே, இதப் பாத்துட்டு இருக்கேன்" என்றார்.

தை போனது, மாசி போனது. நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு, சில நாள் ஒன்றுமில்லை. நூலைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது அவர் பேச ஆரம்பித்தார். புயலில் கயிறு அறுந்து பக்கத்தில் நின்றவனுடைய தொப்பி மட்டும் பறந்தது, ஏதோ ஒரு துறைமுகத்தில் கறிவேப்பிலை தேடி அலைந்தது, எல்லாம் சொல்வார். நான் மற்ற இரண்டு மரத்திலும் கயிற்றை வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டியிருப்பதாகவும், மழை ஈரத்தில் நூல் சுருங்கினால் மரத்தையே வளைத்துவிடும் என்றும் சொல்லி, என்னையே தளர்த்தவும் வைத்தார். "இந்த மனுசன் வாயத் தெறந்தாலும் தெறந்தாக, மூட மாட்டேங்குறாக" என்று அந்தம்மா என் மனைவியிடம் போனில் குறைப்பட்டுக்கொண்டாராம். அப்படிக் குறைப்படும்போது அவர் குரலில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று மனைவி என்னிடம் சொன்னாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு பக்கம் முடிந்தது. பதினாலு படி, ஐம்பத்தாறு முடிச்சு. மறுபக்கத்துக்குக் கப்பலைத் திருப்பப் போனேன். அவர் திருப்ப வேண்டாம் என்று கையைக் காட்டினார். கை முன்னைவிட மோசமாகிக்கொண்டு வருவது எனக்கும் தெரிந்தது.

"அங்குட்டு நீங்க கட்டுங்கண்ணே."

"எப்படிக் கட்டட்டும் பாய்?"

அவர் கட்டியது போலவே கோணல்மாணலாகக் கட்டவா என்ற அர்த்தத்தில்தான் கேட்டேன். அவருக்கு அது புரிந்துவிட்டது. கடகடவென்று சிரித்தார்.

"உங்க கைக்கு எப்படி வருதோ அப்படிக் கட்டுங்க. எங் கை மாதிரி நீங்க எதுக்குக் கட்டணும்?"

அப்படியே கட்டினேன். அவர் கூடவே உட்கார்ந்திருந்தார். இப்போது நூலின் மறுமுனை அவர் கையில் இருந்தது. நூல் அவர் நடுக்கத்தில் ஆடிக்கொண்டே இருக்க, நான் என் முடிச்சைப் போட்டேன். என் முடிச்சும் அவ்வளவு ஒன்றும் வரிசையாக வரவில்லை.

கப்பல் இப்போது அவர்கள் வீட்டு முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அவர் கட்டிய பக்கம்தான் வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார். முடிச்சுப் போடுவது இப்போது அவரால் முடிவதில்லை. மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், போனால் மதியம் சாப்பிடாமல் விடமாட்டார்கள்.

கோணலைக் கண்டால் நிமிர்த்தத் துடிக்கிற என் கை இன்னும் மாறவில்லை. ஆனால் அடுத்தவர் கைவேலை எது என் மேஜைக்கு வந்தாலும், எதைச் செய்ய வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் எதைத் தொடக் கூடாது என்று கேட்டுவிடுகிறேன். போன மாதம்கூட, பழைய செட் ஒன்றில் ஒரு பல் வித்தியாசமாக இருப்பதைப் பார்த்து டாக்டருக்குப் போன் போட்டேன். நோயாளியிடம் விசாரித்துவிட்டு, அது அப்படியே இருக்கட்டும் என்றார். ஏன் என்று கேட்கவில்லை, விட்டுவிட்டேன். என்னைப் பார்த்து, நல்ல பாடம் படித்திருக்கிறீர்கள் என்று சிலர் சொல்வார்கள். பாடம் படித்தது நான்தான், ஆனால் அதற்காக எட்டு மாத உழைப்பைப் பறிகொடுத்தவர் அவர் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.